எட்டு மூலைப் பில்லை

பித்தளையில் செய்த எட்டு மூலைப் பில்லை அது. உள்ளங்கையில் வைத்து மூடினால் மறைந்துவிடும். மேலே கம்பி கோக்க ஒரு துளை, நடுவில் ஒரு எண், எண்ணுக்குக் கீழே வருஷம். நைனாவின் காரியம் முடிந்த மறுநாள் அவருடைய கறுப்புக் கோட்டுகளை உதறி வெயிலில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். இருப்பதிலேயே பழைய கோட்டின் உள்பையில், மை உறிஞ்சும் தாளில் சுற்றி, இது இருந்தது. ஒரு நாள்கூட நாயின் கழுத்தில் ஏறாத பில்லை, அதனால் ஒரு கீறல்கூட இல்லை. வருஷத்தைப் படித்தேன். மூலைகளை எண்ணினேன். மறுபடியும் வருஷத்தைப் படித்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. செத்துப்போனவர்மேல் கோபப்பட்டு என்ன பயன்? அவர் பதில் சொல்லப் போவதில்லை. உயிரோடு இருந்தபோதும் நைனா எங்களுக்கு அதிகம் பதில் சொன்னவர் இல்லை.

இந்தப் பில்லை யாருக்காக வாங்கப்பட்டதோ அந்த நாய் எங்கள் வீட்டுக்கு வந்ததே ஒரு வேடிக்கை. நைனா அப்போது கண்டோன்மெண்டில் பட்டாளத்துக் கணக்கு ஆபீசில் தலைமை குமாஸ்தா. அவருடைய துரை வேலை முடிந்து சீமைக்குத் திரும்பும்போது, தன்னிடம் இருந்ததையெல்லாம் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனார். ஒருவருக்குப் பீங்கான் தட்டுகள், ஒருவருக்கு மேஜை விளக்கு. நைனாவின் நேர்மைக்குப் பரிசாக துரையின் சொந்த நாய் பிரின்ஸ் கிடைத்தது. நைனா அதுவரை ஒரு நாயைத் தொட்டதில்லை. தெருவில் நாய் வந்தால் குடையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நடப்பவர். ஆனால் துரை கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல எங்கள் அல்சூரில் எந்த முதலியாருக்கு நாக்கு எழும்? பழுப்பும் வெள்ளையுமாக, காது இரண்டும் தொங்க, பிரின்ஸ் ஜட்கா வண்டியில் வந்து இறங்கியது. நைனா அதற்கு எதிர்சீட்டில் கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று முதல் அது 'துரை கொடுத்த நாய்'. வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன் நாயைக் காட்டுவார். அதில் ஒரே ஒரு சங்கடம், அந்த நாய்க்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். அம்மா 'போ போ' என்று விரட்டினால் அவள் மடியில் வந்து முகத்தை வைக்கும். 'வா' என்றால் அசையாது. நைனா ஆபீஸ் இங்கிலீஷில், கடிதம் எழுதுகிற பாணியில், தயவுசெய்து நகருமாறு கேட்டுக்கொள்வார். நாய் மரியாதையாகக் கேட்டுவிட்டு அங்கேயே படுத்துக்கொள்ளும். அக்கா ஒருத்தி சொன்னால்தான் அது கேட்டது. 'சிட்' என்றால் உட்கார்ந்தது. 'ஸ்டே' என்றால் நின்றது. அக்கா மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். படித்தவள் என்று இறந்தகாலத்தில்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கு முந்தின வருஷம் அவள் பெரியவளானதும் நைனா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார். வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்தாள் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குத் தெரிந்த உலகம் பின்கட்டும் கிணற்றடியும்தான்.

பிரின்ஸைக் காலையும் மாலையும் தவறாமல் நடத்திக் கூட்டிப்போக வேண்டும் என்பது துரை விட்டுப்போன உத்தரவு. அவருக்கு அடுத்து வந்த துரை அவருடைய சிநேகிதர். அவ்வப்போது நைனாவை நிறுத்தி, பிரின்ஸ் எப்படி இருக்கிறது, தினம் நடக்கிறதா என்று விசாரிப்பார். ஆகவே உத்தரவை மீற முடியாது. தலைப்பாகையும் கோட்டுமாக ஒரு தலைமை குமாஸ்தா நாய் இழுத்த இழுப்புக்கு ஓட முடியாது. அம்மா அதன் பக்கமே போக மாட்டாள். நைனா ரொம்ப யோசித்து, விடியற்காலையில் தெரு நடமாட்டம் தொடங்குமுன் அக்காவே கூட்டிப்போகட்டும், துணைக்குச் சின்னவள் போகட்டும் என்றார். சின்னவள் என்றால் நான், அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். சாயங்கால நடை பின்கட்டுக்குள்ளேயே முடிந்துவிடும், துரை என்ன வந்து பார்க்கவா போகிறார்? இப்படியாக, அக்காவுக்கு அடைபட்ட வாசற்கதவை ஒரு நாய் வந்து திறந்தது. நைனா திறக்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னாளில் அவர் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தார்.

முதல் சில நாள் அக்கா ஒன்றும் பேசாமல் நடந்தாள். வெளிக்காற்று பட்டதே போதும் என்பதுபோல் நடந்தாள். பிரின்ஸோ நாலடிக்கு ஒருதரம் நிற்கும். விளக்குக் கம்பம், மைல்கல், பேக்கரி வாசல், புளியமரம் எல்லாவற்றையும் மோந்து பார்க்காமல் நகராது. நான் சங்கிலியைப் பிடித்து இழுப்பேன். ஒருநாள் அக்கா என் கையைத் தடுத்து, "இழுக்காதே. அது ஏதோ தெரிஞ்சிக்கத்தானே நிக்குது? நாமளும் தெரிஞ்சிக்குவோம். நின்ன எடத்துல புதுசா ஒண்ணு தெரிஞ்சாத்தான் மேல நடை" என்றாள். அதுதான் எங்கள் பள்ளிக்கூடத்தின் ஒரே சட்டம். நாய் நிற்கிற இடத்தில் பாடம். நேற்றுத் தெரியாத ஒன்றை யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். சொல்லும்வரை யாரும் நகரக் கூடாது, நாய் தயாராக இருந்தாலும் கூடாது.

பேக்கரி வாசலில் நின்றால் பலகையில் இருந்த இங்கிலீஷ் எழுத்து. சாயபுவின் லாடக் கடையில் நின்றால் குதிரைக்கு ஏன் லாடம், எருதுக்கு ஏன் அரை லாடம். ஒரே தெருவில் கன்னடம், தமிழ், உருது, இங்கிலீஷ் நாலும் பலகையில் இருந்தன. 'ள' எழுத்து கன்னடத்தில் எப்படிச் சுழிகிறது என்று அக்கா மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டுவாள், பிரின்ஸ் அதன்மேல் நடந்து அழித்துவிடும். அழித்துவிட்டது, அதனால் நீ எழுது என்பாள் என்னிடம். மைல்கல்லில் நின்றால் அத்திபெலே எத்தனை மைல், ஓசூர் எத்தனை மைல், அப்படியானால் நடுவே எவ்வளவு தூரம் என்று கணக்கு. அந்த அத்திபெலேயை நாங்கள் கழித்தல் கணக்கில்தான் முதலில் தெரிந்துகொண்டோம். செத்த பெருச்சாளி ஒன்றை மோந்துகொண்டு நின்றபோது நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். எறும்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எந்தப் பக்கம் திரும்பிப் போகிறது என்று பார்த்துச் சொன்னால்தான் விடுவேன் என்றாள். பார்த்தேன். இன்றைக்கும் எறும்பு வரிசையைக் கண்டால் என் கால் நின்றுவிடுகிறது.

தொம்மலூர் போகும் வண்டித்தடத்தில், ராகிக் கொல்லைகளுக்கு இப்பால், வெள்ளைக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று இருந்தது. பிரின்ஸுக்கு அதன் சுற்றுச்சுவர்மேல் தனிப் பிரியம். அங்கே கம்பிக் கதவு வழியாகப் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படிப்போம். பிறந்த வருஷத்தை இறந்த வருஷத்திலிருந்து கழிக்க வேண்டும். கழித்துப் பார்த்தால் பாதிப் பேர் என்னைவிடச் சின்னவர்கள். கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்து நான் திரும்பத் திரும்பக் கழித்தது நினைவிருக்கிறது. கணக்கு சரிதான், காலராவில் போன குழந்தைகள் என்று அக்கா சொன்னாள். துரைகளுக்கும் சாவு உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. புதுசாக ஒன்று தெரிந்தாயிற்று, மேலே நடந்தோம்.

இது எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது. பால்காரர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் முதலில் வந்து ஒட்டிக்கொண்டார்கள். பிறகு கோயில் சந்திலிருந்து நாலைந்து பேர். நாய்க்குப் பயந்தவர்கள் தூரத்தில் வருவார்கள், பாடம் காதில் விழவில்லை என்றால் கிட்டே வருவார்கள், அப்புறம் பயம் போய்விடும். சங்கிலியைப் பிடிக்கிற முறை வேண்டுமானால் பதில் சொல்ல வேண்டும், அதற்காகவே பிள்ளைகள் போட்டி போட்டுப் பதில் சொன்னார்கள். நாய்க்குக் கட்டளை இடுகிற ஆசையில் எல்லாரும் இங்கிலீஷ் வினைச்சொற்களை மனப்பாடம் செய்தார்கள். அக்காவை அந்த நேரத்தில் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் குனிந்தே இருக்கிற தலை அங்கே நிமிர்ந்திருக்கும். ஏரிக்கரையில் வெயில் ஏறத் தொடங்கும்போது, 'இன்னும் ஒரு கம்பம், ஒரே ஒரு கம்பம்' என்பாள். கெஞ்சுவது நாயையா எங்களையா என்று தெரியாது. தன்னால் போக முடியாத பள்ளிக்கூடத்தை அவள் தெருவில் தானே கட்டிக்கொண்டிருந்தாள். அது ஒரு நாயின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

அந்த மார்கழியில் அத்திபெலேயிலிருந்து சம்பந்தம் வந்தது. தானிய மண்டி வைத்திருந்த வசதியான குடும்பம். மாப்பிள்ளைக்கு வயது கொஞ்சம் கூட, முதல் மனைவி இறந்திருந்தாள், மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை என்று நைனா சொன்னார். அவர்கள் பெண்ணை வீட்டில் வந்து பார்க்குமுன் தெருவிலேயே பார்த்துவிட்டார்கள். விடியற்காலை வண்டியில் வந்திறங்கிய மாப்பிள்ளையின் பெரியப்பா, நாயைப் பிடித்துக்கொண்டு, பத்துப் பிள்ளைகள் சூழ, ஒரு பெண் உரக்க இங்கிலீஷ் பேசிக்கொண்டு நடப்பதைப் பார்த்து யாரென்று விசாரித்திருக்கிறார். எங்கள் வீட்டுப் பெண்தான் என்று தெரிந்ததும் நேரே வந்து நைனாவிடம், "பொண்ணு லட்சணமாத்தான் கீது. ஆனா இந்த நாயிப் பொயப்பு எங்க ஊட்டுக்கு ஒத்துவராதுங்க" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். நைனா, அதெல்லாம் நின்றுவிடும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

நின்றுவிடும் என்றாரே தவிர நிறுத்துகிற தைரியம் அவருக்கு இல்லை. நாயை யாருக்காவது கொடுத்துவிட்டால் புது துரை கேட்பார். கட்டிப்போட்டால் அதுவும் அவர் காதுக்குப் போகும். அக்காவிடம் நேராக, 'இனிமேல் போகாதே' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் ஏன் என்று கேட்பாள், கேட்டால் இவரிடம் பதில் கிடையாது. இந்த மனிதர் வாழ்நாள் முழுக்க யாருக்கும் எதையும் இல்லை என்று சொன்னதில்லை, எல்லாம் தானாக நடந்ததுபோல் நடக்க வேண்டும். ஆபீசில் அதற்குச் சாமர்த்தியம் என்று பெயர்.

அப்போது கண்டோன்மெண்டில் நாய் வைத்திருப்பவர்கள் வருஷாவருஷம் வரி கட்டிப் பில்லை வாங்க வேண்டும். தூரத்திலிருந்தே அடையாளம் தெரியட்டும் என்று ஒவ்வொரு வருஷமும் பில்லையின் வடிவத்தை மாற்றுவார்கள். பிரின்ஸின் கழுத்தில் இருந்தது வட்டப் பில்லை. புது வருஷத்தில் என்ன வடிவம் வரும் என்று எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் பெரிய சர்ச்சை நடந்தது. முக்கோணம் என்றான் பால்காரர் மகன். எட்டு மூலைக்கு இங்கிலீஷில் ஆக்டகன் என்று ஒரு பெயர் இருப்பதை அக்கா அந்தச் சர்ச்சையில்தான் எங்களுக்குச் சொன்னாள். வருஷம் பிறந்ததும், எங்கோ ஒரு பிள்ளையை வெறிநாய் கடித்துவிட்டது என்று பேச்சு வந்தது. புதுப் பில்லை இல்லாத நாய் எதுவானாலும் பிடித்துக் கொல்லப்படும் என்று தமுக்கு அடித்தார்கள். அக்கா தினமும் நைனாவிடம் கேட்டாள். இன்றைக்கு ஆபீசில் வேலை, நாளைக்குப் பார்க்கலாம் என்று தினமும் சொன்னார். வரி கட்டுகிற தேதியை ஒருநாளும் தவறவிட்டவர் இல்லை அவர். வீட்டுவரிக்கு வாசலில் முதல் ஆளாக நிற்பவர். எங்களுக்கு அது அப்போது தோன்றவில்லை.

ஒருநாள் காலை ஏரிக்கரை முனையில் நாய் பிடிக்கிற வண்டி நின்றது. மேற்பார்வையாளர் கன்னடத்தில் பில்லையைக் கேட்டார். அக்கா கன்னடத்திலேயே பதில் சொன்னாள், வீட்டில் இருக்கிறது என்று. நாய் நல்ல நாய் என்று பார்த்தாலே தெரிகிறது, ஆனால் உத்தரவு உத்தரவுதான், ஆளை அனுப்பி எடுத்துவரச் சொல்லுங்கள், அதுவரை நிற்கிறேன் என்றார் அவர். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சொன்னபடி நின்றார். அக்கா என்னைப் பார்த்து, "ஓடு. நைனா வாங்கி வச்சிருப்பாரு. கேட்டு வாங்கியா" என்றாள். ஓடினேன். நைனா ஆபீசுக்குக் கிளம்பத் தயாராகக் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு கண்ணாடிமுன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டிருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே, "எந்தப் பில்லை? இந்த வருசத்துக்கு நான் இன்னும் கட்டவே இல்லியேம்மா" என்றார். நீங்களாவது வந்து அவரிடம் பேசுங்கள் என்று கோட்டைப் பிடித்து இழுத்தேன். ஆபீசுக்கு நேரமாகிறது என்றார். நான் பிடித்து இழுத்த கோட்டுதான் அது. பில்லை என் கைக்கு ஒரு சாண் மேலே இருந்திருக்கிறது.

வெறுங்கையோடு நான் திரும்பி ஓடிவந்ததைத் தூரத்திலேயே அக்கா பார்த்துவிட்டாள். ஆட்கள் இரண்டு பேர் பிரின்ஸைத் தூக்கி வண்டியில் போட முயன்றார்கள். அது பல்லைக் காட்டி நாலு காலையும் மண்ணில் ஊன்றிக்கொண்டது. ஒருவன் தடியை எடுத்தான். அக்கா அவன் கையைத் தடுத்தாள். அடிக்காதீர்கள், நானே ஏற்றுகிறேன் என்றாள். பிரின்ஸின் கழுத்தைத் தடவிவிட்டு, வண்டிப் பக்கம் கையைக் காட்டி, "அப், பிரின்ஸ்" என்றாள். ஒரே துள்ளலில் ஏறி உட்கார்ந்து அவளைப் பார்த்து வாலை ஆட்டியது. "ஸ்டே" என்றாள். வண்டி தெருக்கோடி திரும்பும்வரை அது அப்படியே, அசையாமல் உட்கார்ந்திருந்தது.

வீடு திரும்பும் வழியில் எந்தக் கம்பத்திலும் நாங்கள் நிற்கவில்லை. நைனா அன்று சாயங்காலம் சாப்பிடாமல் படுத்து, தெருவில் பலரும் அனுதாபம் சொல்லும்படி துக்கம் கொண்டாடினார். துரையிடம் தன் மறதியால் வந்த வினை என்று கண்கலங்கிச் சொன்னதாகவும், துரை தோளில் தட்டிக் கொடுத்ததாகவும் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சித்திரையில் அக்காவுக்குக் கல்யாணம். கழித்தல் கணக்கில் இருந்த அத்திபெலேக்கு அவளை வண்டியில் ஏற்றி அனுப்பினோம். அவளும் ஒரே சொல்லில் ஏறி உட்கார்ந்தாள். அங்கே மண்டிக்கு வரும் கன்னடக்காரர்களும் தமிழர்களும் கேட்கிற சாப்பாடு, மூத்தாள் பிள்ளைகள், தன் பிள்ளைகள், மாடு கன்று என்று அவள் காலம் போயிற்று. அவளுடைய இங்கிலீஷுக்கு அதற்குப் பிறகு ஆள் இல்லை. அதில் சொன்னபடி கேட்ட ஒரே ஜீவனை அவள் கையாலேயே அனுப்பிவிட்டிருந்தாள். ஆனால் நைனாவை அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. நான் ஏதாவது சொன்னால், "பாவம், மறந்துட்டாரு. அவருக்கு எவ்ளோ வேலை" என்பாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருஷம் பிறந்த வீட்டு வாசற்படி மிதித்தாள் என்று நினைக்கிறேன்.

நான் வளர்வதற்குள் காலம் மாறி, படித்த பெண்தான் வேண்டும் என்று மாப்பிள்ளைகள் கேட்கத் தொடங்கினார்கள். நைனாவும் மாறிவிட்டார். என்னை மெட்ரிக் படிக்கவைத்தார், டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்பினார், தெருவில் முதல் வாத்தியாரம்மா என் பெண்தான் என்று தலையில் தூக்கிவைத்து ஆடினார். 'என் பெண்களுக்கு நாயை வைத்தே பாடம் சொல்லிக்கொடுத்த வீடு இது' என்று வருபவர்களிடமெல்லாம் சொன்னார். டிரெயினிங்கில் ஒரு பேராசிரியர், பிள்ளைகளை வெளியே உலாவ அழைத்துப்போய், பிராணிகளோடு பழகவிட்டு, கண்ணில் படுவதைக்கொண்டே பாடம் நடத்துவது மேல்நாட்டில் புதிதாகக் கண்டுபிடித்த முறை என்று விளக்கினார். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷம் நெஞ்சு எரிந்தது. அதைக் கண்டுபிடித்தவள் அத்திபெலேயில் தவிடு புடைத்துக்கொண்டிருந்தாள். என் வகுப்புப் பிள்ளைகளை நான் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போகிறேன். மேலதிகாரிகள் பாராட்டும்போது அக்காவின் முறை என்றுதான் சொல்கிறேன். எந்த ஊரில் வேலை பார்க்கிறார் என்று கேட்பார்கள்.

பில்லையைக் கண்டெடுத்த அன்று, காரியத்துக்கு வந்திருந்த அக்கா இங்கேதான் இருந்தாள். காட்டுவதா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தேன். மறந்துவிட்டார் என்ற ஒரு ஆறுதலை அவளிடமிருந்து பறிப்பது நியாயமா? ஆனால் அவளிடம் உண்மையை மறைத்த இன்னொரு ஆளாக நான் இருக்க முடியாது. கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாள். நீட்டினேன். வாங்கி, ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, விரலால் மூலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். "ஆக்டகன்" என்றாள். பிறகு வருஷத்தைப் பார்த்தாள். எங்கே இருந்தது என்று கேட்டாள், கோட்டுப் பையில் என்றேன். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, நின்ற இடத்திலேயே வருஷத்தை மறுபடியும் பார்த்தாள். நான் பயந்துபோய் அவள் தோளைத் தொட்டேன்.

"சரி. நின்ன எடத்துல புதுசா ஒண்ணு தெரிஞ்சிக்கிட்டாச்சி. வாடி, நடக்கலாம்" என்றாள்.

கூடத்தில் நைனாவின் படம் சந்தன மாலையோடு மாட்டியிருந்தது. துரையின் ஆபீசில் எடுத்த படம், அதே கோட்டு, அதே தலைப்பாகை. அக்கா முக்காலியை இழுத்துப்போட்டு ஏறினாள். பில்லையின் துளையில் ஒரு சிவப்பு நூலைக் கோத்து, மாலையோடு சேர்த்து, படத்தில் கழுத்துக்கு நேரே வருமாறு கட்டி இறக்கினாள். அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. பளபளப்பதைப் பார்த்து அது என்ன என்று கேட்டாள். "நைனாவுக்குத் தொரைங்க குடுத்ததும்மா. இத்தினி நாளா பையிலியே வச்சிருந்திருக்காரு" என்றாள் அக்கா. அம்மாவுக்கு ஒரே பெருமை. வருபவர்களிடமெல்லாம் காட்டுகிறாள், கறுத்துவிடக் கூடாதென்று வெள்ளிக்கிழமைதோறும் என்னைக் கழற்றித் தரச்சொல்லி, புளி போட்டுத் துலக்கி, மறுபடியும் அவர் கழுத்தில் கட்டச் சொல்கிறாள்.